கப்பல்புழுவுக்கு வந்த மானியம்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாத்திர வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம்தான். தமிழ் எழுத்து, அம்மா வார இதழ்களைத் தரையில் விரித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தது. என் தமிழைக் கேட்டால் யாரோ பாதித் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும் என்று மதுரையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை இன்றும் சிரிப்பாள்.

எழுபதுகளின் நடுவில், விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சின்னக் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. துறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் சேர்ந்த நாளிலிருந்தே சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. மிச்சம் நானும் துறைத்தலைவரும். எல்லோரும் கூப்பிடுவதைப் போல நானும் அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டேன். நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், முண்டு என்கிற வெள்ளை வேட்டி, கையில் எந்த மாதத்திலும் குடை. இருபது வருஷத்துக்கு மேலாக அதே அறையில் அதே தவளையை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் தவளையின் இதயம் துடிப்பதைக் காட்டும்போது ஒவ்வொரு தடவையும் அவரே முதல்முறை பார்க்கிற மாதிரி ஒரு முகம் வரும். பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்க்கத்தான் முன்வரிசைக்கு முண்டியடிப்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காயல் என்கிற உப்பங்கழியைத் தாண்டி எறணாகுளம் போகப் படகுத்துறையில் நிற்கும்போது பேனாக்கத்தியை எடுத்து, துறையில் நட்டிருக்கும் மரக்கம்பங்களை லேசாகக் குத்திப் பார்ப்பார். வெளியே பார்த்தால் கம்பம் கல் மாதிரி நிற்கும். கத்தி உள்ளே போனால் தேன்கூடு. அதைக் குடைந்தது கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். ஊசிமுனை அளவு ஓட்டையில் நுழைந்து, மரத்துக்குள்ளேயே விரல் நீளம், சில சமயம் கை நீளம் வளரும். வள்ளம் என்கிற மரப்படகின் அடிப்பலகை, சீனவலைக் கம்பம், பாலத்துக் கால், எதையும் விடாது.

ஒரு நாள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் டில்லியிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையை ஒட்டியிருந்தார்கள். விஞ்ஞான ஆராய்ச்சி பெரிய நகரங்களிலேயே குவிந்து கிடக்கிறது, அது வட்டாரங்களுக்கும் பரவவேண்டும், உள்ளூர்ப் பிரச்சனை ஒன்றை எடுத்துக்கொள்ளும் சின்னக் கல்லூரிகளுக்கு ஆய்வுக்கூடம் கட்ட அரசு மானியம் தரும் என்று அதில் இருந்தது. ஆசிரியர் அறையில் பெரிய சிரிப்பு. "முதல்ல மழையில ஒழுகாத கூரைக்கு ஒரு மானியம் கேக்கலாம்" என்றார் இயற்பியல்காரர். சார் மட்டும் சிரிக்கவில்லை. மணியடித்தது தெரியாமல் பலகைக்கு முன்னாலேயே நின்றார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, ஆராய்ச்சின்னா எறணாகுளம் போகணும், மெட்ராஸ் போகணும்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிடுச்சு. இப்ப அவங்களே இங்க வர்றேன்னு சொல்றாங்க. வேண்டாம்னா சொல்றது?"

அவர் பேசியது மலையாளத்தில். எங்கள் பேச்சு எல்லாமே மலையாளம்தான். எழுதும்போதுதான் அது என் கையில் தமிழாகிறது.

"உள்ளூர்ப் பிரச்சனைன்னு கேட்டிருக்காங்களே, சார்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே போனேன். நேராகப் படகுத்துறைக்குப் போய், ஒரு கம்பத்தைக் குடைநுனியால் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனைக் கூட்டம்.

விண்ணப்பம் போனது. மாதங்கள் கழித்து, நேரில் பார்க்க ஒரு குழு வருகிறது என்று தந்தி வந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் வடக்கத்திக்காரர், உலோகங்களைப் பற்றி ஆராய்ந்தவராம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் வியர்த்து வழிந்தார். இன்னொருவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர். மூன்றாமவர் டில்லி அலுவலகத்து அதிகாரி. கோப்புக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பார்த்து மழை. மின்சாரம் போய்விட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தவளைக் குடுவைகளும், ஒரு மனித எலும்புக்கூடும், நாலு நுண்ணோக்கிகளும் இருந்தன. அதில் ஒன்றுதான் வேலை செய்யும். தலைவர் குனிந்து பார்த்தது வேலை செய்யாத ஒன்றில். கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களில் யாருக்காவது டாக்டர் பட்டம் இருக்கிறதா?"

"இல்லை" என்றார் சார்.

"ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் கருவிகளை வாங்கிக்கொடுத்தால் யார் தொடுவார்கள்?"

சார் என்னைக் காட்டினார். என் மதிப்பெண்களைச் சொன்னார், நான் எழுதிய எம்.எஸ்ஸி. ஆய்வேட்டைச் சொன்னார். தலைவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடமே கேட்டார்.

"கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இன்னும் இல்லை."

"நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விடுவார். பிறகு? அரசாங்கம் கொடுத்ததெல்லாம் தூசி படிந்து கிடக்கும். இதை நான் எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன்."

என் முகம் எரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முண்டு நுனியில் துடைத்தார்.

"அவங்க கல்யாணம் அவங்க வீட்டு விஷயம், சார். அவங்க போகமாட்டாங்கன்னு நான் எழுதிக்கொடுக்க முடியாது. நான் போகமாட்டேன்னு எழுதிக்கொடுக்கலாம். டாக்டர் பட்டத்துக்கு நான் பதிவு செய்யறேன்."

"உங்களுக்கு என்ன வயது?"

"நாற்பத்தெட்டு."

சென்னைப் பேராசிரியர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. "உதவித்தொகைக்குத்தான் வயசு வரம்பு. படிக்கறதுக்கு இல்லையே" என்று தலைவரிடம் சொன்னார்.

மழை விட்டதும் எல்லோரும் படகுத்துறைக்கு நடந்தோம். சார் ஓர் உளுத்த கம்பத்துத் துண்டைப் பெயர்த்தெடுத்துக் கத்தியால் பிளந்தார். வெள்ளை வெளேரென்று ஒன்று நெளிந்து வெளியே தொங்கியது. தலைவர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு கோட்டைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுக் குனிந்தார்.

"இதுவா கப்பலைத் தின்கிறது? ஒரு புதுப் பலகையை முழுக்கத் தின்ன எத்தனை நாள் எடுக்கும்?"

"தெரியாது, சார்."

"மழைக்காலத்தில் என்ன ஆகும்? தண்ணீரில் உப்பு இருக்காதே?"

"இந்தக் காயல்ல என்ன ஆகும்னு அதுவும் தெரியாது, சார். அதைத்தான் கேட்டு எழுதியிருக்கோம்."

தலைவர் நிமிர்ந்தார். "தெரியாது என்று சொன்ன முதல் கல்லூரி இதுதான்" என்றார் பிறகு.

திரும்பும்போது சென்னைப் பேராசிரியர் என் பக்கமாக வந்து தமிழில் கேட்டார். "நீங்க தமிழாமே? எந்த ஊர்?"

பதட்டத்தில் எனக்கு வந்தது இதுதான். "இவிடத்தன்னே, சார். இங்கதான்."

"நீங்க பேசறது தமிழா மலையாளமா?"

"குறச்சு தமிழ், சார்." கொஞ்சம் என்பதுகூட மலையாளத்தில்தான் வந்தது.

அவர் நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பயம் அத்தோடு போயிற்று.

மதியச் சாப்பாடு சாரின் மனைவி கொடுத்தனுப்பியது. அவர் பள்ளி ஆசிரியை. உயரமான, சத்தமாகப் பேசுகிற சேச்சி. விஷயம் தெரிந்து மாலையில் நேராகக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைங்க ரெண்டும் பரீட்சை எழுதற வயசில அப்பனும் பரீட்சை எழுதப் போறாரா?"

சார் தவளைக் குடுவைக்குப் பின்னால் எதையோ தேடினார்.

சேச்சி என் பக்கம் திரும்பினார். "இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு வைப்பின் துறையில எங்க அப்பா போய்க் காத்திருந்தார். படகு வந்தும் மாப்பிள்ளையைக் காணோம். எங்க நின்னாருன்னு நினைக்கற? கம்பத்தைக் குத்திக்கிட்டு நின்னார். இத்தனை வருஷம் அதை மனசில வெச்சுக்கிட்டு தவளையை அறுத்திருக்கார், பாவம். எழுதட்டும். எழுதி முடிக்கட்டும்."

மானியம் வந்தது. விளையாட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த அறை எங்களுக்குக் கிடைத்தது. பந்துகளையும் வலைகளையும் வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடித்து, கண்ணாடித் தொட்டிகள் வைத்தோம். சென்னையிலிருந்து லாரியில் புது நுண்ணோக்கி வந்து இறங்கிய அன்று கல்லூரி முழுக்க வந்து பார்த்தது. சமையல்கூடத்து ஆட்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் சார் ஒரு துளி காயல்தண்ணீரைக் காட்டினார். "இவ்வளவு பேரையுமா நாம குளிக்கும்போது முழுங்கறோம்?" என்று சமையல்காரர் கேட்டது எங்கள் துறையில் ரொம்ப நாள் ஓடியது. தொட்டிக்குக் காயல்தண்ணீர் கொண்டுவர அப்பா கடையிலிருந்து பெரிய எவர்சில்வர் அண்டாக்களைக் கொடுத்தார். "கல்யாணத்துக்கு வாடகைக்குப் போற அண்டா. புழுவுக்குப் போகுதுன்னு வெளிய சொல்லிடாதே" என்றார்.

அடுத்த சிக்கல் வழிகாட்டி. பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் ஒருவர்தான். அவர் சாரிடம் பி.எஸ்ஸி. படித்த மாணவர்.

பதிவு செய்யப் போன அன்று நானும் கூட இருந்தேன். சார் அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பேராசிரியர் எழுந்தவர் எழுந்தவர்தான். "சார் உட்காருங்க." "நீங்க உட்காருங்க, நான் மாணவன்." "ஐயோ, சார், அப்படிச் சொல்லாதீங்க." இருவரும் நின்றார்கள். நானும் நின்றேன். காகிதத்தில் கையெழுத்துகூட நின்றபடியே போட்டார்கள். அடுத்த தடவையும் இதே கதை. மூன்றாம் தடவை அந்தப் பேராசிரியர் தீர்வு கண்டுபிடித்தார். சாயங்காலம் பணி முடிந்ததும் சாரோடு படகில் ஏறி மட்டாஞ்சேரிவரை வந்து, அதே படகில் திரும்பிப் போனார். கூட்டத்தில் எல்லோரும் கம்பியைப் பிடித்து நின்றுதான் வரவேண்டும். யார் உட்கார்வது என்ற கேள்வியே இல்லை. பிறகு வாரம் ஒருமுறை அதுவே வழக்கமாயிற்று. சாரின் ஆய்வேடு பெரும்பாலும் படகில்தான் திருத்தப்பட்டது. காற்றில் தாள் பறக்காமல் பிடித்துக்கொள்வது என் வேலை. "இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என்ன, சார்?" என்று வழிகாட்டியான பழைய மாணவர் மெதுவாகக் கேட்பார். சார் யோசித்துவிட்டு, "ஆதாரம் இல்லை. அடிச்சிடுங்க" என்பார். பக்கத்தில் நிற்கிற மீன்கூடைக்காரி இருவரையும் மாறிமாறிப் பார்ப்பாள்.

எங்கள் ஆராய்ச்சி எளிமையானது. ஒரே அளவில் சின்னச் சின்னப் பலகைகள். மாமரம், தேக்கு, பிறகு வள்ளம் கட்டுகிற ஆஞ்ஞிலி. தமிழில் அயினிப்பலா என்பார்கள். அவற்றைக் கயிற்றில் கட்டி மட்டாஞ்சேரித் துறையிலும், வைப்பினிலும், வல்லார்பாடத்திலும், உப்பே எட்டாத ஆலுவா ஆற்றிலும் தொங்கவிடுவோம். மாதாமாதம் ஒன்றை எடுத்துப் பிளந்து எண்ணுவோம். முதல் மாதம் மட்டாஞ்சேரியில் போனால் கயிறு இருக்கிறது, பலகை இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. யார் வீட்டு அடுப்பிலோ நல்ல காய்ந்த தேக்கு எரிந்திருக்கிறது. ஆராய்ச்சியைப் புழு தின்பதற்கு முன்னால் அடுப்பு தின்றுவிட்டது என்று பிரின்சிபல் சிரித்தார். சிரித்துவிட்டு அவரே ஒரு யோசனை சொன்னார். சிவப்பு மண்டையோடு வரைந்து, "தொடாதே, விஷம்" என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை கல்லூரி வாசலில் மீன்கூடைகள் வரிசையாக இருந்தன. பின்னால் பெண்கள். முன்னால் நின்றவர் படகுத்துறையில் கரிமீனும் செம்மீன் என்கிற இறாலும் விற்கிற சேச்சி; கணீரென்ற குரல்.

"விஷம்னு எழுதி வெச்சது ஆரு? காயல்ல சர்க்கார் விஷம் கலக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. மூணு நாளா எங்க மீனை ஒருத்தரும் தொடல. உங்க புழுவுக்குச் சோறு போட எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

வாட்ச்மேன் கதவைச் சாத்தப் போனார். சார் தடுத்துவிட்டு வெளியே வந்தார். விளக்கம் சொல்லிப் பார்த்தார், கூச்சலில் எடுபடவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டுத் துறையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். கூட்டம் பின்னால் போனது. நானும் பிரின்சிபலும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். சார் படியில் இறங்கி, தண்ணீரில் தொங்கிய பலகை ஒன்றை இழுத்தெடுத்தார். எல்லோரும் பார்க்க அதை நாக்கால் நக்கினார். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.

பின்னால் யாரோ, "ஐயோ, மாஷே!" என்றார்கள். மாஷ் என்றால் வாத்தியார்.

"விஷம் இல்லை. மரம். கொஞ்சம் உப்பு" என்றார் சார். பிறகு அந்தச் சேச்சியின் கூடையிலிருந்து கரிமீன் எடுத்து, துறையருகே சாயாக்கடையில் பொரிக்கச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். பிரின்சிபலையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எங்கள் வீடு சைவம். நான் ஒரு சாயா மட்டும் குடித்து என் ஆதரவைக் காட்டினேன். மதியத்துக்குள் கூடைகள் காலி.

மண்டையோட்டை நாங்களே இறக்கினோம். பொரித்த மீனுக்குக் காசு வாங்கிக்கொள்ள மறுத்த அந்தச் சேச்சி, போகும்போது சொன்னார். "இனி உங்க பலகையை ஒருத்தரும் தொடமாட்டாங்க. அதை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு, மாஷே. புழு வராம இருக்க வள்ளத்துக்கு என்ன தேய்க்கணும்? அது தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லணும்."

"தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான்" என்றார் சார்.

சொன்னபடி பலகைகள் பத்திரமாக இருந்தன. வேலை ஓடியது. அந்த வேனிலில், மீன்சேச்சியின் ஆங்ஙள, அதாவது உடன்பிறந்த தம்பி, அரிசி மூட்டைகளோடு வல்லார்பாடம் பக்கம் போன வள்ளம் நடுக்காயலில் அடி விட்டுப்போயிற்று. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவந்து கவிழ்த்தபோது சாரும் நானும் போய்ப் பார்த்தோம். வெளியே கறுப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. சார் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. அந்தத் தம்பி யாரையும் குறை சொல்லாமல் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். சேச்சியும் சாரிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது சார் குடையை விரிக்க மறந்து வெயிலில் நடந்தார்.

"புழுவோட பல்லை வரைஞ்சுக்கிட்டிருக்கேன், டீச்சரே" என்றார். "அவங்க கேட்டது வேற."

வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய்களைச் சோதிக்க அனுமதி கேட்டு டில்லிக்கு எழுதினோம். புழுவின் உடற்கூற்றுக்கும் வாழ்க்கைமுறைக்கும்தான் ஒப்புதல், எண்ணெய் அதில் சேராது என்று பதில் வந்தது. எனக்குக் கோபம். சாருக்கு இல்லை. "அவங்க எழுதினது சரிதான். நாம கேட்டது வேற கணக்குல வரும்" என்றார். சொல்லிவிட்டு வள்ளக்காரர்களிடம் போனார். முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கிற முந்திரித்தோட்டு எண்ணெய், மத்தி எண்ணெய், கீல் என்கிற தார் எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். பழைய ஆஞ்ஞிலிப் பலகையும் கொடுத்தார்கள். டில்லிப் பணத்தைத் தொடாமல், டில்லி கொடுத்த அறையில், டில்லி கொடுத்த நுண்ணோக்கியில் பார்த்தோம்.

மத்தி எண்ணெயைக் காய்ச்சும் மணத்தை அனுபவித்தால்தான் தெரியும். பூனைகள் எங்கள் வராந்தாவில் குடியேறின. பக்கத்து வகுப்பில் கவிதை நடத்துகிற ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டே நடத்தினார். வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "கொல்லை வழியாப் போய்க் குளிச்சிட்டு உள்ள வா. உன்னைப் பெண் பார்க்க யாராவது வந்தா மணத்திலேயே திரும்பிடுவாங்க."

அப்படியும் ஒருவர் வந்தார். பாலக்காட்டுத் தமிழர், எறணாகுளத்தில் வங்கி வேலை. "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தப் புழு இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப வீடு மட்டாஞ்சேரியிலயே பார்த்துடலாம்" என்றார். கல்யாணத்துக்கு வந்த சார், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எண்ணெய்கள் எதுவும் அற்புதம் செய்யவில்லை. எல்லாவற்றையும் புழு கடைசியில் ஜெயித்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் காயலை நிரப்பி உப்பைத் துரத்தும்போது புழு அடங்கிவிடுகிறது. மழை நின்று உப்பு ஏறும்போது குஞ்சுகள் கூட்டமாக வந்து மரத்தில் ஒட்டுகின்றன. உப்பு ஏறுவதற்கு முன்னால் வள்ளத்தைக் கரையேற்றிக் காயவைத்து, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசினால் பலகை நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அதே எண்ணெயை வசதிப்பட்ட மாதத்தில் பூசினால் பாதிப் பலன்தான். ஆய்வேட்டில் எழுதும் முன் சார் படகுத்துறைக்குப் போய் மீன்சேச்சியிடம் அதைச் சொன்னார். சிலர் கேட்டு அப்படியே செய்தார்கள். சிலர், "மாஷுக்கு வேற வேலையில்லை" என்றார்கள். அந்தத் தம்பி செய்தான்.

வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில் நடந்தது. தேர்வாளராக வந்தவர் பழைய சென்னைப் பேராசிரியர். சாரின் மனைவி பட்டுப்புடவையில் முன்வரிசையில், மகன்கள் இருவருக்கும் நடுவில். கடைசி வரிசையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன்சேச்சியும் தம்பியும் இன்னும் சில வள்ளக்காரர்களும், துவைத்து மடித்த உடுப்பில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். சார் மேடையில் தடுமாறித்தான் ஆரம்பித்தார். பிளந்த பலகையின் படம் திரையில் விழுந்ததும் எனக்குத் தெரிந்த அந்த முகம் வந்துவிட்டது.

தேர்வாளர் கேள்விகளை முடித்துவிட்டு, "அவையில் யாராவது கேட்கலாம்" என்றார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. மீன்சேச்சி எழுந்தார்.

"கீல் பூசின மேல எண்ணெய் பூசினா நிக்குமா, மாஷே?"

வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் தேர்வாளருக்குச் சொன்னார். அவையில் ஒரு சலசலப்பு. சார் கொஞ்சம் யோசித்தார்.

"அது நான் பார்க்கல, சேச்சி. ரெண்டையும் தனித்தனியாத்தான் பார்த்தேன். சேர்த்துப் பார்க்கணும்."

தேர்வாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அதை யார் பார்க்கப் போறது?" என்று தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான், சார்" என்றேன். அந்த வருஷமே பதிவு செய்தேன். பின்னால் என் ஆய்வேட்டின் முக்கால்வாசி அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முடிவை அறிவித்ததும் வழிகாட்டி முன்னால் வந்தார். கை கொடுக்கப்போகிறார் என்று பார்த்தால், குனிந்து சாரின் காலைத் தொட்டார். சார் பதறிப்போய் அவரைத் தூக்கினார். சத்தமாகப் பேசுகிற சாரின் மனைவி அன்றைக்குக் கைக்குட்டையை மட்டும் பிழிந்துகொண்டிருந்தார்.

மட்டாஞ்சேரி அவருடைய டாக்டர் பட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. புழு சார் என்றுதான் கூப்பிட்டது. கடைக்காரர்களும் அப்படித்தான், தபால்காரரும் அப்படித்தான். அவருக்கு அதில் சந்தோஷம்.

அடுத்த சுற்று மானியத்தோடு ஒரு நிபந்தனை வந்தது. ஆய்வுக்கூடம் எங்களுக்கு மட்டுமானதாக இருக்கக்கூடாது, வட்டாரத்தில் மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் திறந்திருக்கவேண்டும். சனிக்கிழமைகளை ஒதுக்கினோம். முதல் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. சாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாயா குடித்தோம். பிறகு ஆலப்புழையிலிருந்து ஒருவர் வந்தார், குளத்துப்பாசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு. அவர் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். கொல்லத்திலிருந்து வந்தார்கள், பொன்னானியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு ஊரில் வேலை செய்யாத நுண்ணோக்கியோடு வருஷக்கணக்காக இருந்தவர்கள். சார் ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். அவர் மனைவி தூக்குவாளியில் மரவள்ளிக் கப்பையும் சம்மந்தித் துவையலும் கொடுத்தனுப்புவதை விட்டுவிட்டு, தானே கொண்டுவர ஆரம்பித்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஒரு இளம் ஆசிரியை கைக்குழந்தையோடு வந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்து பயந்து வந்தேன் என்றாள். அவள் ஊர் ஆற்றில் எடுத்த நத்தைகள் பையில் இருந்தன. சாரின் மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். சார் பக்கத்தில் நின்று திருகைத் திருப்பிக் கொடுத்தார். ரொம்ப நேரம் அவள் தலையை எடுக்கவே இல்லை. பிறகு, கண்ணை எடுக்காமலேயே, வரைவதற்கு ஒரு தாள் கிடைக்குமா என்று கையை நீட்டினாள். வராந்தாவில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அலமாரியைத் திறந்து அவளுக்கு ஒரு கத்தைத் தாளையே எடுத்துக் கொடுத்தேன்.